கண்ணில் குடியிருக்கும் ஜனம்

தேவமாதா துணை

விழுப்புரம்
2 மார்ச் 1936

தங்கச்சி செபஸ்தியம்மாளுக்கு அக்கா சவுரியம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமில்லை. அமலிக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் கண்டது. நேற்றுக் காலையில் பார்த்தால் முகம், கழுத்து, முதுகு எல்லாம் மணல்வாரி அம்மை.

மூத்தவனை இதே மணல்வாரியில்தான் கல்லறைக்குக் கொண்டுபோனோம். அப்போது அவனுக்கு நாலு வயது. இவளுக்கும் இப்போது நாலு. எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் மாமாவுக்கோ தண்டவாளத்தில் பாயிண்டு மாற்றுகிற வேலை, அவர் லீவு கேட்டால் எல்லா ரயிலும் சிக்னலில் நின்றுவிடும் என்பது போலப் பேசுகிறார்கள்.

நீ திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நர்சம்மா. உன் அக்கா பிள்ளைக்கும் பத்து நாள் நர்சம்மாவாக இருந்துவிட்டுப் போ. தபசுகாலத்து நாற்பது நாள் தொடங்கிவிட்டதால் நான் தேவமாதாவுக்கு ஒரு பொருத்தனை நேர்ந்து வைத்திருக்கிறேன். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும். என்ன என்று கேட்காதே, கோயில் சுவாமியாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் அவர் அதை மாற்றி வேறு லேசாக ஏதாவது கொடுத்துவிடுவார். எனக்கு லேசானது வேண்டாம்.

சீக்கிரம் வா.

உன் அக்கா
சவுரியம்மாள்


திண்டிவனம்
4 மார்ச் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. பெரிய நர்சம்மா முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு எட்டு நாள் லீவு கொடுத்துவிட்டார். சனிக்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். மாமாவை ஸ்டேஷனில் நிற்கச் சொல்லாதே, அவர் அங்கேதான் இருப்பார்.

ஒரு புட்டி மீனெண்ணெய் கொண்டுவருகிறேன். சீமையிலிருந்து வருவது. மணல்வாரி போன பிறகு பிள்ளைகள் உடம்பு உப்புப் போன ஊறுகாய் போல ஆகிவிடுகிறது, எது வந்தாலும் பற்றிக்கொள்கிறது. அதற்கும் கண்ணுக்கும் இதைப்போல மருந்து இல்லை. நாற்றம் தாங்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தார் அம்மை கண்ட வீட்டில் மீன் வாடையா என்று கேட்டால் என்மேல் பழியைப் போடு. நான் ஊரைவிட்டுப் போகிறவள்தானே.

உன் பொருத்தனை என்னவென்று நான் கேட்கவில்லை. பட்டினி கிடந்து நீயும் படுத்துவிடாதே, அவ்வளவுதான்.

செபஸ்தி


திண்டிவனம்
18 மார்ச் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். வார்டில் இரண்டு படி வேலை குவிந்து கிடந்ததால் உடனே எழுத முடியவில்லை.

அமலி எப்படி இருக்கிறாள்? நான் கிளம்பும்போது காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் பீளை கட்டியிருந்தது. கண் வெள்ளையில் ஈரப்பளபளப்பு இல்லாமல் காய்ந்தாற்போல இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் சுவரைத் தடவித் தடவி நடந்ததையும் பார்த்தேன். அது என் மனசை விட்டுப் போகவில்லை. கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து நான் துடைத்த மாதிரியே நீயும் துடை.

எண்ணெயை மட்டும் விடாதே. எட்டு நாளில் பாதிப் புட்டி குறைந்ததைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? "நான் குடுத்துக்கிறேன், நீ பக்கத்துல நின்னா அவ வாயத் தொறக்க மாட்டா" என்று நீ என்னை வெளியே துரத்தியபோது கோபம் வந்தது. ஆனால் உன் வழிதான் சரி, குடித்துவிட்டாளே.

பின்கட்டில் வந்து கத்துகிறதே அந்தச் சாம்பல் பூனை, அதை விரட்டு. நோயாளி இருக்கிற வீட்டில் பூனை ஆகாது. நான் இருந்த எட்டு நாளில் அது நம் வீட்டுப் பூனையே ஆகிவிட்டது.

செபஸ்தி


விழுப்புரம்
27 ஏப்ரல் 1936

செபஸ்தியம்மாளுக்கு,

அமலிக்கு இடது கண் போய்விட்டது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கண்ணைத் திறந்து பார்த்தால் கருவிழி வெள்ளையாக, சோற்றுப்பருக்கை ஒட்டினாற்போல இருந்தது. அன்றே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணில் கிருமி ஏறி விழியைத் தின்றுவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துச் சோதித்து, கிருமியின் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் படித்தவள்தானே, படித்துப் பார்.

கிருமி எங்கிருந்து வந்தது? என் வீட்டில் சீழ் பிடித்தவன் எவன் இருக்கிறான்? நீதான் வார்டில் புண்ணையும் சீழையும் தொட்டுவிட்டு ரயில் ஏறி வந்தாய். நாளைக்கு நாலு தரம் என் பிள்ளை கண்ணைத் தொட்டுத் துடைத்தாய். உன் கைதான் கொண்டுவந்தது. வா வா என்று கடிதம் போட்டு நானே கூப்பிட்டுக்கொண்டேன்.

நீ போன பிறகு, உன் கை படாத பிறகு, வலது கண் தேறிவிட்டது. இதற்குமேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

இனிமேல் இந்த வீட்டுக்கு வராதே. கடிதமும் வேண்டாம்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
2 மே 1936

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று நாளாக அதற்குப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று நினைக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் அமலி அழுதபோது கழுவாமலே ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் வார்டிலிருந்து என்னை எடுத்துவிடும்படி பெரிய நர்சம்மாவிடம் கேட்டேன். துணி வெளுக்கப் போடுகிற அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இனி எந்தப் பிள்ளையின் கண்ணையும் நான் தொட மாட்டேன்.

அமலிக்கு என் முத்தம் என்று எழுதக்கூட பயமாக இருக்கிறது.

செபஸ்தியம்மாள்


திண்டிவனம்
11 ஆகஸ்ட் 1943

அக்காவுக்கு,

ஏழு வருஷம் ஆயிற்று. கடிதம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை மீறுகிறேன், படிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

மாமாவுக்குத் தெரிந்த ரயில் கார்டு சவுரிராயன் நேற்று ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்தார். "உங்க அக்கா பொண்ணு டைபாய்டுல மூணு வாரமா படுத்துக்கினு கீதும்மா. கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்கறதில்ல. ஒத்தக் கண்ணும் இப்போ பீளையா கட்டுதாம், பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியலையாம், உங்க மாமா ரொம்பப் பேஜாரா கீறாரு" என்றார். அப்புறம் நான் சோறு உண்ணவில்லை.

உங்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். போன வருஷம் இங்கே டாக்டர் வெங்கடாசலம் வந்தார். அவருக்குக் கண் கிருமி என்றால் பைத்தியம். காசநோய்க்காரர்கள், நாள்பட்ட காய்ச்சல்காரர்கள், பட்டினியில் வந்து விழுந்தவர்கள் எல்லாருடைய கண்ணையும் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு, கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தேய்த்து வைப்பார். ஒருநாள் சூட்டில் வைத்தால் கசகசா தூவினாற்போலக் கிருமி முளைக்கும். நோயாளிகள் மட்டும் போதாது, திடமான ஆட்களும் வேண்டும் என்றார். யாரும் வரவில்லை. துணி அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். என் கண்ணிலிருந்து என்ன முளைக்குமோ என்று எனக்குப் பயம்.

கடைசியில் சம்மதித்து உட்கார்ந்தேன். அடுத்து வாட்ச்மேன் கண்ணையன், அடுத்து டாக்டர் தன் கண்ணையே தொட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தால் எல்லாத் தட்டிலும் முளைத்திருந்தது. கண்ணையனுக்கு ஒரே கோபம், "எனுக்கு இன்னா நோவு சார்?" என்று சண்டைக்குப் போனான். டாக்டர் சிரித்தார். "ஒரு நோவும் இல்லைய்யா. இதெல்லாம் நம்ம கண்ணுல குடியிருக்கிற ஜனம். பொறந்த நாள்லேர்ந்து இருக்கும். உடம்பு தெம்பா இருக்கிற வரைக்கும் அடங்கிக் கிடக்கும். உடம்பு விழுந்துட்டா அதே ஜனம் வீட்டையே இடிக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் பெட்டியிலிருந்து நீங்கள் அனுப்பிய சீட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். அதில் எழுதியிருந்த பேரும் என் தட்டில், கண்ணையன் தட்டில், அவர் தட்டில் முளைத்ததன் பேரும் ஒன்றுதான். அமலியின் கண்ணைத் தின்றது வெளியே இருந்து வரவில்லை அக்கா. அவள் கண்ணிலேயே இருந்தது. யாருடைய கண்ணிலும் இருப்பது.

எட்டு மாசமாக இது எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதினால் என் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள வந்தாள் என்று நினைப்பீர்களோ என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுவது அதற்காக அல்ல.

இன்று காலை அமலிக்காக டாக்டரிடம் மீனெண்ணெய் கேட்டேன். யுத்தத்தில் கப்பல் வராததால் கையிருப்பு ஆறே புட்டி. வார்டில் பதினோரு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர் முன்கதையைக் கேட்டார். அந்த வருஷம் ஒரு புட்டி முழுக்கக் குடித்தாள், அப்படியும் கண் போயிற்று என்றேன். உடனே பேனாவை மூடிவிட்டார். "அப்போ அந்தப் பொண்ணு உடம்பு எண்ணெயை ஏத்துக்கலை. அதுக்குக் குடுக்கிறது வீண். பலிக்கிற பிள்ளைக்குக் குடுப்போம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நிஜமாவே குடிச்சுதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்கா தன் கையால் கொடுத்தாள், புட்டி குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன்.

ஆனாலும் அவர் உங்களிடம் ஒருமுறை எழுதிக் கேட்கச் சொல்கிறார். கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமலி அந்த எண்ணெயைக் குடித்தாள் அல்லவா?

பதிலை நாளைய பாசஞ்சரில் சவுரிராயனிடமே கொடுத்தனுப்புங்கள்.

செபஸ்தியம்மாள்


விழுப்புரம்
12 ஆகஸ்ட் 1943

செபஸ்தி,

குடிக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஏழு வருஷமும் நேற்று ராத்திரி முழுவதும் ஆயிற்று. சவுரிராயன் வாசலில் நிற்கிறார். உன் டாக்டரிடம் முதலில் போய் இதைச் சொல், மீதியைப் பிறகு படி. அமலி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

என் பொருத்தனை எனக்காக அல்ல, அவளுக்காக. இவளையாவது உயிரோடு விட்டால், பாஸ்கு வரைக்கும் இவள் வாயில் வெறும் அரிசிக்கஞ்சி தவிர ஒன்றும் படாது, பால், நெய், முட்டை, மீன் ஒன்றும் கிடையாது என்று தேவமாதா பீடத்தில் முழங்காலில் நின்று சொன்னேன். மூத்தவன் சாகும்போது நான் எதையும் நேர்ந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன், அதனால்தான் ஆண்டவர் அவனை எடுத்துக்கொண்டார் என்று ஒரு நினைப்பு. பிள்ளைகளுக்கும் நோயாளிக்கும் ஒருசந்தி உபவாசம் கிடையாது என்று சுவாமியார் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் போகவில்லை. நீ எண்ணெயைக் கொண்டுவந்தாய். உன்னிடம் சொன்னால் சண்டை போட்டு வாயில் ஊற்றியிருப்பாய். அதனால் வேளைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ச் சாக்கடை ஓரத்தில் ஊற்றினேன். நீ தினமும் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாய். குறைந்திருக்க வேண்டுமே என்று, நான் மறக்காமல் ஊற்றினேன்.

அந்தச் சாம்பல் பூனை நம் வீட்டை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம்.

இன்னும் இருக்கிறது. பாஸ்கு அன்று பொருத்தனை முடிந்தது. மீனும் முட்டையும் பாலும் கொடுத்தேன். பத்தே நாளில் வலது கண் தெளிந்து, பொழுது சாய்ந்த பிறகும் ஓடியாடினாள். வெறும் கஞ்சிதான் கண்ணைக் கெடுத்தது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துபோயிற்று. புரிந்த பிறகுதான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். தெரியாமல் எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கை என்று சொல்ல முடியாமல் உன் கை என்று எழுதினேன்.

ஒவ்வொரு வருஷமும் பாஸ்குக்குப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினதைச் சொல்வேன், பொய் சொன்னதைச் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லாமலே எழுந்துபோய்ப் பூசையில் நாக்கை நீட்டி நன்மை வாங்கியிருக்கிறேன், ஏழு தரம்.

இப்போதும் டைபாய்டுக்குக் கஞ்சிதான் என்று எல்லாரும் சொன்னபோது அந்தப் பழைய கஞ்சி நினைவு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்போது ஏன் தெரியவில்லை என்று உன் மாமா கேட்பாரே.

நீ எனக்கு நீங்கள் என்று எழுதுகிறாய். எழுது. எனக்கு அது வேண்டியதுதான்.

அமலிக்கு எண்ணெய் வாங்கிக் கொடு.

சவுரியம்மாள்


திண்டிவனம்
13 ஆகஸ்ட் 1943

அக்காவுக்கு,

சவுரிராயனிடம் இரண்டு புட்டி கொடுத்திருக்கிறேன். இது இன்னொரு பிள்ளையின் பங்கு என்பதை மறக்க வேண்டாம். காலை ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. பால் கொடுக்கலாம், குழைய வேகவைத்த சோறும் அரைவேக்காட்டு முட்டையும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், சீட்டு உள்ளே இருக்கிறது. கண்ணில் விட மருந்தும் இருக்கிறது. மாமா முன்னால் வைத்துக் கொடுங்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்று டாக்டரிடம் போய், என் சத்தியம் பொய் என்றேன். அவர் பேனாவைத் திறந்து சீட்டு எழுதினார்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்குக் கோபமாக வருகிறது அக்கா. ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தரம் கை கழுவுகிறேன். மழைக்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும். யார் வீட்டுக் குழந்தையாவது தாவி வந்தால் பின்னால் நகர்ந்துகொள்வேன், என்னைக் கல்மனசுக்காரி என்பார்கள். துணி அறையில் காய்ந்த துணியை மடித்தே என் முப்பது வயது போயிற்று. அதையெல்லாம் நீங்கள் திருப்பித் தர முடியாது, நானும் பரவாயில்லை என்று எழுத முடியாது. பரவாயில்லை என்று எழுதினால் அது பொய்.

ஆனால் நானும் ஒன்று செய்தேன். அவள் சுவரைத் தடவி நடந்ததை நான் பார்த்தேன். எண்ணெய் குடிக்கிற பிள்ளை ஏன் தடவி நடக்க வேண்டும் என்று ஒரு நர்சு கேட்டிருக்க வேண்டும். உன்மேல் சந்தேகப்பட மனசு வரவில்லை. புட்டியைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

செபஸ்தி


தேவமாதா துணை

விழுப்புரம்
3 அக்டோபர் 1943

செபஸ்திக்கு,

கண் தப்பித்தது. நேற்றுப் பொழுது சாய்ந்த பிறகு அமலி தானாக எழுந்து தண்ணீர்க்குடம்வரைக்கும் போய் மொண்டு குடித்துவிட்டு வந்தாள். சுவரைத் தொடவில்லை. உன் மாமா அதைப் பார்த்துவிட்டு டூட்டிக்குப் போகாமல் உட்கார்ந்து அழுதார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். நாலு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை, ஐந்தாம் நாள் வாங்கினார். பேச்சு இன்னும் சரியாக இல்லை. சுவாமியாரிடமும் போய் ஏழு வருஷத்துப் பாக்கியையும் சொன்னேன். "உன் பொருத்தனையை அந்தத் தாய் கேட்டாளா? நீதான் கேட்டாய்" என்றார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அமலியிடம் சொன்னதுதான். அவளுக்குப் பதினோரு வயதாகிவிட்டது, யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று இன்று காலை எண்ணெய் கொடுக்கும்போது சொன்னேன். சின்னம்மா மேல் நான் போட்ட பழியையும் சொன்னேன். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுவேன் என்று பார்த்தாளோ என்னவோ, என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எண்ணெயைக் குடித்தாள், மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல். கரண்டியை நக்கிவிட்டுக் கேட்டாள்:

"அப்போ அந்தப் பூனைக்கு ரெண்டு கண்ணும் நல்லா தெரிஞ்சிருக்கும், இல்லம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை செபஸ்தி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே போனால் அந்தச் சாக்கடை ஓரம்.

இப்போது இன்னொன்றும் கேட்கிறாள், சின்னம்மா எப்போது வருவாங்க என்று. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. அவள் கூப்பிடுகிறாள் என்று எழுதுகிறேன். வந்தால் வாசலில் தண்ணீர் வைக்க மாட்டேன். நேராக உள்ளே வந்து, கழுவாத கையோடு அவள் முகத்தைத் தொடு.

உன் அக்கா
சவுரியம்மாள்